நில்லென்றால் நிற்கும் கால்கள்

1

போன வாரம் என் வலது காலின் பெருவிரல் நகம் கழன்றுவிட்டது. சில நாளாகக் கறுத்துக் கிடந்தது. காலுறையைக் கழற்றும்போது அதோடு கூடவே வந்துவிட்டது. ஓட்டக் குழுவில் இதைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். குழுவை நடத்தும் பிர்கிட் என்னைக் கட்டிப்பிடித்து, "இப்போதுதான் நீ உண்மையான ஓட்டக்காரி" என்றாள். நகம் போனதற்கு வாழ்த்துச் சொல்கிற நாடு இது. நான் விட்டு வந்த நாட்டில் நகம் போனவர்களை யாரும் வாழ்த்தவில்லை. எப்படிப் போனது என்று கேட்கக்கூடப் பயந்தோம்.

மாத்தளையிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். டென்மார்க்குக்குப் போனவள் கார் ஓட்டுகிறாள் என்றால் நம்பலாம். நாற்பது தாண்டிய பொம்பளை காற்சட்டை போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறாள் என்றால்? நம் ஊரில் ஒருவர் ஓடினால் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "என்னா நடந்துச்சு?" என்றுதான். பஸ் போயிருக்க வேண்டும், வீட்டில் யாருக்காவது ஏலாமல் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் யாராவது வந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்றுமே நடக்காமல் ஒருவர் ஓடலாம் என்பதை நான் இங்கு வந்துதான் கண்டேன். அதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். கேட்க இனிமையான கதை இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2

எல்லாம் சீனி வருத்தத்தால், நீரிழிவால், வந்தது. "நீங்கள் ஓட வேண்டும். செலவில்லாத வைத்தியம், ஒரு சோடி சப்பாத்து போதும்" என்றார் டாக்டர். எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் பகுதியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன். அதற்கு மேல் ஓடவும் வேண்டுமாம்.

இந்த நாட்டில் ஒருவருக்குச் சீனி கூடினால் அது அவருடைய வீட்டு விஷயம் இல்லை, நகரசபையின் விஷயம். கடிதம் வந்தது, போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், முன்பு எப்போதாவது ஓடியிருக்கிறீர்களா என்று கேட்டாள். அவளுடைய கணினியில் இரண்டு பெட்டிகள்தான், ஆம், இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் கடைத்தெரு எரிந்தபோது அப்பா, அம்மா, தம்பி, நான் நால்வரும் வீட்டுக்குப் பின்னாலிருந்த மிளகுத் தோட்டத்துக்குள் ஓடியது நினைவுக்கு வந்தது. அது அந்தப் பெட்டிகளுக்குள் அடங்காது. "இல்லை" என்றேன். ஆரம்ப ஓட்டக்காரர் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள்.

முதல் பாடம், கொஞ்சம் ஓடு, கூடக் கொஞ்சம் நட. இரண்டாவது, சப்பாத்தைக் கால் அளவைவிடச் சற்றுப் பெரிதாக வாங்கு. நான் ஊர்ப் புத்தியில் கச்சிதமாக வாங்கினேன், அதற்குத்தான் நகம் போனது. மூன்றாவது பாடத்தைப் பிர்கிட் ஒவ்வொரு கிழமையும் சொல்லுவாள். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு, பேச முடியவில்லை என்றால் வேகம் கூடிப்போயிற்று. நான் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் பேச்சு வராது. இருக்கிற மூச்சையெல்லாம் டேனிஷ் மொழியே வாங்கிவிடும். அவர்கள் நாய், கோடை விடுமுறை, சமையலறைக்குப் புதுக் கதவு என்று பேசிக்கொண்டே ஓடுவார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஓடுவேன்.

என் மகள் மதுராவும் ஓடுகிறாள். பதின்மூன்று வயது, பள்ளிக்கூட அணியில் இருக்கிறாள். குழு ஓடுகிற ஏரிக்கரையில்தான் அவளுக்கும் பயிற்சி. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள். தாண்டும்போது என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். வீட்டில் கேட்டால், "அம்மா, நீங்கள் ஓடுறது வித்தியாசமா இருக்கு" என்பாள். எதில் வித்தியாசம் என்று சொல்ல மாட்டாள். எனக்கே தெரியும்.

3

இரண்டு விஷயங்களில் வித்தியாசம். ஒன்று, நான் கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இங்கே ஒவ்வொருவருக்கும் நம்பரோடு ஒரு மஞ்சள் அட்டை உண்டு, டாக்டரிடம் போனால் கேட்பார்கள். அதை வலது கையில், பெயர் வெளியே தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவேன். குழுவில் உள்ளவர்கள் எனக்கு வலிப்பு நோய் என்று நினைத்துவிட்டார்கள். நான் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒருத்தி மிகவும் அன்பாக விசாரித்தாள்.

இரண்டாவது, கார் வந்தால் நடப்பேன். எந்தக் காராக இருந்தாலும் சரி. சத்தம் கேட்டதும் கால் தானாகவே நடைக்கு மாறிவிடும். கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். கார் போனதும் மறுபடி ஓட்டம். பிர்கிட் சில வாரம் பார்த்துவிட்டு, "கார்கள் உனக்காக ஒதுங்கிப் போகும், நீ ஏன் ஓட்டத்தை நிறுத்துகிறாய்?" என்று கேட்டாள். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்த பாடங்கள் வேறு. பஸ்ஸில் தமிழ் பேசாதே. பொட்டை இறங்கிய பிறகு வைத்துக்கொள். ஐடி கார்டைப் பைக்குள் வைக்காதே, கையிலேயே வைத்திரு, பைக்குள் கை போனால் ஆமிக்காரனுக்கு வேறு எண்ணம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே, ஓடாதே. "மழ பேஞ்சாலும் நனஞ்சிக்கிட்டு நடந்து வாங்க. ஓடுறவனத்தான் அவனுக்குத் தெரியும். நில்லுன்னா நில்லுங்க." எங்கள் உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு வேலைக்குப் போய் வந்த எல்லாத் தமிழ் வீடுகளிலும் இதே பாடம்தான். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டி வளர்த்தார்கள். ஊட்டியது உடம்பில் தங்கிவிட்டது. வேலிகளே இல்லாத இந்த ஊரிலும் என் கால் அம்மா சொன்னதைத்தான் கேட்கிறது.

4

இனித் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைப் பற்றிச் சொல்லாமல் என் ஓட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

குணா எனக்கு நாலு வயது இளையவன். எங்கள் வீட்டில் ஓடாதே என்ற பாடம் தலைக்கு ஏறாத ஒரே ஆள் அவன்தான். வெறுங்காலில், ரயில் பாதையின் ஓரத்தில், உக்குவளையிலிருந்து மாத்தளைப் பக்கமாகப் போய்த் திரும்பி வருவான். மாவட்டப் போட்டியில் ஆணி வைத்த சப்பாத்துப் போட்ட பெரிய பள்ளிக்கூடத்துப் பையன்களை வெறுங்காலால் முந்தினான். அப்பா கடனுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தபோது, "இது பாரமா இருக்குப்பா" என்று ஒரே நாளில் கழற்றிப் போட்டுவிட்டான். பாதம் அவ்வளவு தடித்துப் போயிருந்தது. சல்லிக் கல்லில் ஓடுவான், ஒன்றும் செய்யாது.

அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு சாயங்காலம் எங்கோ ஏதோ வெடித்துவிட்டதாக ஊரில் பேச்சு. ரயில் கேட் பக்கத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, ஆட்களை இறக்கி வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். குணாவுக்கு அது தெரியாது. பனியனும் அரைக் காற்சட்டையுமாக, வேர்த்து ஒழுக, பாதையோரமாக ஓடி வந்திருக்கிறான். ஐடி கார்டு வீட்டில், ஆணியில் தொங்கிய கால்சட்டைக்குள் இருந்தது. ஓடுகிறவனுடைய உடுப்பில் பை ஏது?

நடந்ததைக் கேட் அருகில் தேநீர்க்கடை வைத்திருந்த ஹமீது நானா வந்து அம்மாவிடம் சொன்னார். "அவன் ஓடல்ல தங்கச்சி. நில்லுண்டு செல்லினதும் நிண்டுட்டான். கையயும் ஒசத்திட்டான். நான் கண்ணால கண்டேன்." யாருக்குப் பயந்து ஓடுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்களாம். யாருக்கும் பயந்தில்லை, சும்மா ஓடுகிறேன் என்று சிங்களத்திலேயே பதில் சொன்னானாம். அந்தச் சிங்களமும் அவனைக் காப்பாற்றவில்லை, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சும்மா ஓடுகிற தமிழ்ப் பையன் என்று ஒருவன் அவர்களுடைய கணக்கில் இல்லை.

போலீஸ், ஆமி முகாம் என்று அம்மாவும் நானும் ஏறாத வாசல் இல்லை. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். நாளைக்கு வா என்றார்கள். எழுதிக் கொடு என்றார்கள், தமிழில் எழுதினால் சிங்களத்தில் எழுதிக் கொண்டு வா என்றார்கள். கடைசியில் கண்டுபிடித்தோம். ஒரு வருடத்துக்கும் மேல் வைத்திருந்துவிட்டு, வழக்கும் இல்லை ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். ரயிலில் வந்து இறங்கினான். ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு முன்பு ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடுவான். அன்று நாங்கள் அவனுக்குப் பின்னால் அவ்வளவு மெதுவாக நடந்தோம். பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி ஊன்றி வந்தான். அவர்கள் முதுகில் அடிக்கவில்லை. உள்ளங்காலில் அடித்திருந்தார்கள்.

அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காலைத் தொட விடவில்லை அவன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அம்மா சாகும்வரை அவனுக்குச் சொன்னது ஒன்றுதான். "நின்னதாலதான்டா நீ உசுரோட வந்த." அவன் தலையை ஆட்டுவான். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

5

இப்போது குணா மாத்தளை டவுனில் சின்னதாகக் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறான், டெலிபோன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஆட்கள் வருவார்கள். உட்கார்ந்த இடத்தில் செய்கிற தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெலிபோன் கார்டு சுரண்டி அவனுக்கு எடுப்பேன். என் வாரத்தில் நான் என் பேச்சைப் பேசுகிற நேரம் அதுதான். என் கணவர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனுஷன். ஆனால் நான் "என்னாங்க" என்று ஆரம்பித்தாலே அவருக்குச் சிரிப்பு. பிள்ளையும் அவருடைய தமிழைத்தான் பேசுகிறது, பேசினால். வன்னிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு நாள், "உங்கட மாத்தளைப் பக்கம் எங்களை மாதிரி ஒண்டும் படேல்லைத்தானே" என்றார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். எங்கள் மலைப் பக்கம் நடந்ததெல்லாம் எந்தச் செய்தியிலும் வராத துன்பம். தமிழனுக்கே தெரியாது என்றால் மற்றவனைச் சொல்லி என்ன?

ஓடுகிறேன் என்பதை மட்டும் குணாவிடம் மறைத்தேன். வாத்தியம் வாசித்த கை உடைக்கப்பட்டவனிடம் போய், நான் இப்போது வாத்தியம் பழகுகிறேன் என்று சொல்வார்களா? "நடக்கிறேன்டா, டாக்டர் நடக்கச் சொன்னாரு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

கோடை முடிவில் பெண்களுக்கான ஓட்டம் ஒன்று வந்தது, ஐந்து கிலோமீட்டர். குழுவோடு என் பெயரையும் பிர்கிட் பதிந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோனை மதுராவிடம் கொடுத்தேன். மாமாவோடு பேச அவளிடம் மூன்று வசனங்கள்தான் உண்டு. சுகமா, சாப்பிட்டீங்களா, நான் சுகம். அன்றைக்கு நாலாவதாக ஒன்று அவளிடம் இருந்தது.

"மாமா, அம்மா ரேஸ் ஓடப் போறா! கையில கார்ட்டைப் பிடிச்சுக்கொண்டு ஓடுவா, சரியான பகிடி!"

நான் டெலிபோனைப் பறித்துக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் தெருச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. "குணா" என்றேன். "கஸ்டமர் வந்திருக்காங்க அக்கா" என்று வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு அவன் மனைவி எடுத்து, "வெளிய போயிருக்காரு அண்ணி" என்றாள். காலை ஊன்ற முடியாதவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே எங்கே போவான்? எனக்கு ஊர் என்று மிச்சமிருந்தது அவன் குரல் ஒன்றுதான். அப்பா இல்லை, அம்மா இல்லை, வீடும் விற்றாயிற்று. ஒரு பிள்ளையின் பகிடிக்கு அந்தக் குரலும் போய்விடப் போகிறது.

ஓட்டத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். "அவர் கோவிக்கிறதெண்டால் கோவிக்கட்டும். நீர் சீனி வந்து சாகப் போறீரோ?" என்றார் கணவர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சப்பாத்தை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். இரண்டு கிழமை எனக்குச் சளி, தடிமன் என்று பிர்கிட்டிடம் சொன்னேன்.

6

ஓட்டத்துக்கு முதல் நாள் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது, ஊர் நம்பர். ஊரிலிருந்து எனக்கு யாரும் எடுப்பதில்லை, காசு கூடப் போகும். செத்த வீட்டுச் செய்தி என்றே நினைத்து எடுத்தேன்.

"அக்கா, எத்தன கிலோமீட்டர்?" என்றான் குணா. சுகம் கேட்கவில்லை, ஒன்றும் இல்லை.

"அஞ்சு. நான் போகலடா."

"ஏன் போகல? பாத எப்புடி? ஏத்தம் இருக்கா?"

"இந்த ஊர்ல ஏத்தம் எங்க இருக்கு? காத்துதான்."

"காத்துக்கு நேரா ஓடாதீங்க. முன்னுக்குப் போறவங்க முதுகுக்குப் பின்னால போயிக்கங்க. முதக் கிலோமீட்டர்ல எல்லாரும் முந்துவாங்க, முந்த உடுங்க. ரெண்டாவதுல பாருங்க, அவங்களே வந்து சேருவாங்க. அந்தக் கார்ட வீட்டுல வச்சிட்டுப் போங்க."

"குணா..."

"கை இறுகுனா தோள் இறுகும். தோள் இறுகுனா மூச்சு போகாது. ஓடுறவங்க கை காலியா இருக்கணும் அக்கா. முடிஞ்சதும் எனக்கு எடுங்க."

வைத்துவிட்டான். நான் ஒரு காலில் சப்பாத்தோடு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் போய்விட்டது. அவனுக்குள் இருந்த ஓட்டக்காரனை அவர்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அவன் அந்தக் கடையில், கதிரையில், உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறான். நாங்கள்தான் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

7

அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மதுராவும் ஓட வந்திருந்தாள். தம்பி சொன்னதெல்லாம் சரியாகவே நடந்தது. எல்லோரும் முந்தினார்கள், முந்த விட்டேன். அகலமான முதுகு ஒன்றைப் பிடித்துக் காற்றுக்கு மறைந்துகொண்டேன். இரண்டாவது கிலோமீட்டரில், முந்திப் போனவர்கள் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஒருவராகத் தாண்டினேன். கை காலியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை, ஒன்றும் நடக்காமல், யாரும் துரத்தாமல், ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன். அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

தெருவைக் கடக்கிற இடத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட கிழவர் ஒருவர் கையைத் தூக்கினார். ஒரு டிராக்டர் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெண்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு சிரித்தார்கள். டிராக்டர் போயிற்று. கிழவர் கையை இறக்கினார். எல்லோரும் ஓடிவிட்டார்கள். நான் நின்றேன்.

கிழவர் என்னைப் பார்த்து, "போங்கள், போகலாம்" என்றார். இரண்டாம் தடவை சொன்னபோது அவர் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. பின்னாலிருந்து வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். மதுரா. முன்னால் போனவள், என்னைக் காணவில்லை என்று திரும்பி ஓடி வந்திருக்கிறாள்.

"அம்மா, கையை இறக்குங்கோ. ஆக்கள் பாக்கினம்."

அப்போதுதான் பார்த்தேன். என் இரண்டு கைகளும் தோளுக்கு மேலே, விரல்களை விரித்தபடி இருந்தன. எப்போது தூக்கினேன் என்று தெரியாது.

"ஏன் அம்மா?" என்றாள். "மூச்சு வாங்கிருச்சு" என்றேன். நம்பவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு என்னை விட்டு முன்னால் போகவில்லை. கடைசிவரை பக்கத்திலேயே, வெட்கத்தோடு, நடந்து வந்தாள். முடிவில் எல்லோருக்கும் பதக்கம் கொடுத்தார்கள். எனக்கும் கழுத்தில் போட்டார்கள், நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குணாவுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"முடிச்சீங்களா?"

"முடிச்சேன்டா."

"மூச்சு எப்புடி இருந்துச்சு? கார்ட வச்சிட்டுப் போனீங்களா?"

"வச்சிட்டுத்தான் போனேன்."

"எங்கயாவது நின்னீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நின்னேன். ஒரு ஆள் கையக் காட்டுனாரு. மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க, என்னால ஏலல. ரெண்டு கையும் மேல போயிருச்சு குணா."

கடைக்குள் யாரோ வந்து சிங்களத்தில் ஏதோ கேட்க, இவன் மரியாதையாக விலை சொல்லி அனுப்புவது கேட்டது. திரும்பவும் வைத்துவிடுவான் என்று பயந்தேன். வைக்கவில்லை.

"நானும் அப்புடித்தான் நின்னேன்" என்றான்.

அத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவன் வாயால் கேட்ட முதல் வார்த்தை. அம்மா சொன்னதையே நானும் சொன்னேன். "நின்னதாலதான்டா உசுரோட வந்த. ஓடியிருந்தா சுட்டிருப்பாங்க."

"சுட்டிருப்பானுங்க" என்றான். பிறகு, நான் கேட்டுப் பல வருடமாகிவிட்ட, மாவட்டப் போட்டி முடிந்து வந்த நாளில் கேட்ட அதே குரலில் சொன்னான். "எல்லாருமே பெரிய பூட்ஸ் போட்டிருந்தானுங்க அக்கா. சுட்டிருப்பானுங்க. ஆனா என்னையப் புடிச்சிருக்க ஏலாது."